மாப்பிள்ளை தூக்காத தட்டு

கணவனின் கைப்பேசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நாகஜோதி மாடிப்படிக்கு அடியில் போய் நின்றாள். எவள் பெயர் அகப்படப்போகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

தம்பி பாண்டிமுருகன் கல்யாணத்துக்காகக் கண்டனூரில் அந்தப் பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். முன்கட்டில் மேளம், பின்கட்டில் பந்தி. நடுவில் மாப்பிள்ளையின் அக்காள் திருடியைப் போல நிற்கிறாள்.

அவளும்தான் என்ன செய்வாள்? புருஷன் மாயக்கண்ணன் துணை விமானி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேப்டன், கேப்டன் என்று தூக்கத்திலும் உளறியவன். இப்போது கம்பெனியே கூப்பிடுகிறது. கேப்டன் பதவி, இரண்டு மடங்கு சம்பளம், ஆனால் சென்னையை விட்டுக் கொல்கத்தாவுக்கு மாற வேண்டும். பதில் சொல்ல இன்று சாயங்காலம் வரைதான் கெடு. இவன் வேண்டாம் என்கிறான்.

காரணம் கேட்டால் ஒப்பிப்பான். "துணை விமானிகள்ல இப்ப நான்தான் மூத்தவன், கேட்ட நாள்ல லீவு கிடைக்கிது. கேப்டனாப் போனா அந்த வரிசையில கடைக்குட்டி. தீவாளி பொங்கலெல்லாம் ஆகாசத்துலதான்."

"உங்க கூடச் சேந்த அஸ்பாக் அண்ணன் போகலையா?"

"அவன் போவான். என்னை விட்டுரு."

லீவுக்காகவா ஒரு மனுஷன் இரண்டு மடங்கு சம்பளத்தை வேண்டாம் என்பான்? சென்னையில் எவளோ இருக்கிறாள். நாலைந்து மாதமாக வீட்டுக்கு வந்தால் பெற்ற பிள்ளையைக்கூடத் தூக்குவதில்லையே. அந்தச் சந்தேகம் அவளை அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

சற்று முன்புதான் சொந்தபந்தத்துக்கு நடுவில் மானம் போயிருந்தது. அவர்கள் வழக்கத்தில் முகூர்த்தச் சேலை வைத்த முதல் தட்டை மாப்பிள்ளையின் அக்காள் புருஷன்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அத்தை காளீஸ்வரி தட்டை நீட்ட, "வேற யாரையாச்சும் தூக்கச் சொல்லுங்க" என்று நகர்ந்துவிட்டான். எல்லாரும் வேட்டியில் நிற்க இவன் மட்டும் பேண்ட்டு. பாக்கெட்டுக்குள் ஒரு கை வேறு.

"கேப்டனாகுறதுக்கு முன்னாடியே இம்புட்டு ஏத்தமா?" அத்தை விடவில்லை. "ஆமா மாப்ளே, கேப்டனுக்கும் உங்களுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ரெண்டு பேரும் முன்னாடிதானே உக்காந்திருக்கீக?"

"அவரு இடது பக்கம் உக்காருவாரு, நான் வலது பக்கம் உக்காருவேன். அம்புட்டுத்தேன்."

கூடமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"வீடு தேடி வந்த சீதேவியக் காலால எத்துறாருன்னா, உள்ள ஏதோ இருக்கு ஆத்தா. நல்லா விசாரி" என்று அத்தை இவள் காதைக் கடித்துவிட்டுப் போனார்.

அந்த விசாரணைதான் இப்போது மாடிப்படிக்கு அடியில் நடக்கிறது. கைப்பேசி திறக்கும் எண் பிள்ளையின் பிறந்தநாள், மாற்றக்கூட இல்லை. உள்ளே துருவித் துருவிப் பார்த்தாள். கம்பெனி, அஸ்பாக், அப்புறம் இவளே அனுப்பிய காய்கறிப் படங்கள். எவளும் இல்லை.

நாகஜோதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தங்கமான மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்! அப்படியானால் இது வெறும் பயம். புது ஊர், புதுப் பொறுப்பு என்ற பயம். பயப்படுகிறவனைப் பெண்டாட்டிதான் பிடித்துத் தள்ளிவிட வேண்டும்.

கம்பெனியின் மின்னஞ்சலைத் திறந்தாள். 'சம்மதம்' என்ற பச்சைப் பட்டனைக் குலசாமியை நினைத்துக்கொண்டு அமுக்கினாள்.

'நன்றி. திங்கட்கிழமை கேப்டன் இருக்கையில் உங்கள் முதல் பயிற்சி. சம்மதத்தை இனி மாற்ற இயலாது' என்று வந்தது. மாற்ற இயலாது என்பதும் அவளுக்கு நல்லதாகவே பட்டது.

கூடத்துக்கு ஓடினாள். சீர் புறப்படத் தயாராக இருந்தது. முதல் தட்டு இன்னும் ஆள் இல்லாமல் கிடந்தது. தூணோரம் நின்றவனிடம் அதைத் தூக்கிக்கொண்டு போய் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"பிடிங்க கேப்டன் சார்!"

ஊரே பார்க்கிறது. வேறு வழியில்லாமல் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து இரண்டு கையாலும் வாங்கினான்.

"நானே சம்மதம்னு அமுக்கிட்டேன். இனி மாத்த முடியாதாம். வையாதீக" என்றாள் மெதுவாக, முகமெல்லாம் சிரிப்பாக.

மேளக்காரர் ஒரு கணம் நிறுத்தினார். அந்த இடைவெளியில் தட்டிலிருந்த சந்தனக் கிண்ணம் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது.

நாகஜோதி குனிந்து பார்த்தாள். அவன் வலது கை அசையாமல் இருந்தது. இடது கை மட்டும் தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தன் கையால் இறுக்கிப் பிடித்தாள். பிடிக்குள்ளும் அது நடுங்கியது.

"என்னங்க இது? எப்ப இருந்து?"

"கம்பெனியில போன தடவ எடுத்த மெடிக்கல் செக்கப்புக்கு அப்புறம் வந்துச்சு. யாருக்கும் தெரியாது."

"இந்தக் கைய வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா பிளேன் ஓட்டுனீக?"

"வலது சீட்டுக்கு ஓட்டுற ஸ்டிக்கு வலது கைப்பக்கம், இடது சீட்டுக்கு இடது கைப்பக்கம். வலது கையாலதானே ஓட்டுனேன்."

மேளம் மறுபடி தொடங்கியது. சீர்வரிசை நகரச் சொல்லிப் பின்னாலிருந்து அத்தை அவசரப்படுத்தினார். மாயக்கண்ணன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"திங்கக்கெழமை இடது பக்கம் உக்காந்து இந்தக் கையாலதான் ஓட்டணும், ஜோதி."