பச்சையப்பனின் மகள்

வாட்ச்மேன் இரண்டாவது முறை விசில் ஊதினார். கேட்டைச் சாத்தப் போகிறார்.

அவன் வந்த வேலையை இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.

கோஹிமா போர்க் கல்லறை. மலைமேல் படிப்படியாகப் புல்வெளி. வரிசை வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் செத்துப்போன ஒரு சிப்பாயின் பெயர்.

கீழே காரில் அம்மா காத்திருக்கிறாள். எண்பது வயது. முட்டி வலியோடு இத்தனை படி ஏற முடியாது.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய அப்பா இங்கே இரண்டாம் உலகப் போர்ச் சண்டையில் செத்தார். முகம் தெரியாது. ஒரு போட்டோகூட இல்லை. பேரையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் வேலூரிலிருந்து கூட்டி வந்திருந்தான்.

மேலே ஏறியவன் முதலில் ஊரைப் பார்த்தான். சரிவு முழுக்கத் தகரக் கூரைகள், அவற்றின்மேல் மேகம். அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்தான். தன்னையும் சேர்த்து எடுத்தான். ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டு, யார் யார் லைக் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

முக்கால் மணி நேரம்.

வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள்.

மூன்றாவது விசில்.

காலடியில் இருந்த கல்லைப் படம் பிடித்தான். யாரோ வில்லியம். வயது இருபத்திரண்டு. பெயருக்கு மேலே ஒரு சிலுவை இருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சிலுவை தெரியும்.

அதை மட்டும் படத்திலிருந்து வெட்டினான்.

வேகவேகமாகப் படி இறங்கினான்.

காரில் அம்மா டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அந்த ஊர்க்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவள் விடவில்லை. மலையைக் காட்டிக் காட்டி, “எங்கப்பா... பச்சையப்பன்... பச்சையப்பன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவன் போனை நீட்டினான். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு அதை டிரைவர் பக்கம் திருப்பினாள். “எங்கப்பா பேரு இதுல கீதுப்பா. நீ படி.”

அவர் திரையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். அவனைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“பச்சை...யப்பன்” என்றார்.

அம்மா வாய்விட்டு அழுதாள். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை அவன் கையில் வைத்தாள்.

“நீயும் ஒரு தபா படிடா. எம்மவன் வாயால கேக்கணும்.”

டிரைவர் கதவைத் திறந்து இறங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.