எதிரே வண்டி வருது

பாலத்து முனையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஆட்டோ நின்றுகொண்டே இருந்தது.

லில்லியின் மடியில் மகள் மூச்சுக்குத் தவித்தாள். இழுப்பு வந்தால் உதடு நீலம் பாரித்துவிடும் பிள்ளை. 108-க்குப் போன் போட்டு, அது வரக்காணோமே என்று பதறி, பக்கத்து வீட்டு தெய்வசிகாமணியின் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வில்லியனூர் ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

“போண்ணே! எதிர்ல ஒரு ஈ காக்கா கூட இல்ல, போண்ணே!”

“இன்னாம்மா நீ, பல்பு எரியுதே. எவனோ ஏறிட்டான். நடுப்பாலத்துல மாட்டிக்கினா அவ்ளோதான்.”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காலேஜ் பிள்ளைகள் வந்து பாலத்துக்கு அடியில் ஏதோ தகடுகளை ஒட்டி, இரண்டு முனையிலும் குட்டி விளக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். பாலம் அதிர்ந்தால் அந்த அதிர்வே மின்சாரமாகி விளக்கு எரியும். ஊர் சும்மா இருக்குமா? ஒற்றை வண்டி மட்டும் போகிற பாலம். விளக்கு எரிந்தால் எதிரே வண்டி வருது, நில். அணைந்தால் போ. அதுவே சட்டமாகிவிட்டது.

ஆனால் இந்த வண்டி வந்து சேர்கிற வழியைக் காணோம்.

பெற்ற வயிறு பொறுக்குமா? வருகிறவன் காலில் விழுந்தாவது பின்னால் போகச் சொல்லலாம் என்று, மகளை சீட்டில் சாய்த்துவிட்டு லில்லி மழையில் இறங்கி ஓடினாள்.

பாலத்தில் ஏறியதும் உள்ளங்கால் கூசியது. அதிர்வு முழங்கால் வரை வந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் இல்லை.

மழை சற்று விலகியது. பாலம் முழுக்கத் தெரிந்தது. வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

அக்கரையில் ஒரு வண்டி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. அதுவும் இவர்கள் வரட்டும் என்று காத்திருந்தது.

அப்படியானால் பாலத்தை ஆட்டுவது யார்?

குனிந்து பார்த்தாள். காலையில் முழங்கால் அளவு ஓடிய சங்கராபரணி ஆறு, கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் கீழே ஓடியது. வேரோடு வந்த மரமொன்று தூணில் மோதியது.

“மாதாவே!”

வந்த வழியே ஓடினாள். கரையில் கால் வைத்தபோது பின்னால் ஏதோ முறிந்தது.

விளக்கு அணைந்தது.

ஆட்டோ உடனே கிளம்பியது. உள்ளே மகள். லில்லி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவழியில் நின்றாள். சக்கரம் அவள் காலை இடித்து நின்றது.

“இன்னாம்மா, அதான் அணைஞ்சிடுச்சே, ஏறு!”

லில்லி கையைப் பின்னால் காட்டினாள். தெய்வசிகாமணி பார்த்தார். பாலம் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது.

அப்போதுதான் அக்கரையில் சைரன் கேட்டது. அவள் கூப்பிட்டிருந்த 108, விளக்கு அணைந்ததைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.