அட்டை நத்தை

ஒன்பதாம் வகுப்புக்குக் கல்லீரல் புழுவின் வாழ்க்கையை விளக்க, தெர்மாகோல் பலகையில் ஐந்து அட்டைப் படங்களை வட்டமாகக் குத்தினேன்: முட்டை, இளம்புழு, நத்தை, புல், ஆடு. ஊசிக்கு ஊசி முடிச்சுப் போட்டு, ஒரே சிவப்பு நூலால் இணைத்தேன். ஆட்டின் இடத்தில், அந்த வகுப்பு மாணவி தமிழினி வளர்க்கும் ஆடு கருப்பியின் போட்டோ. கருப்பியின் தாய் போன வாரம்தான் ஈரல் கெட்டுச் செத்திருந்தது.

"இதுக்கும் வந்துடுமா டீச்சர்?" என்றாள் தமிழினி.

"நம்மூர்க் கோட்டை அகழியோரப் புல்லைப் போடாதே, இந்த நத்தை அங்கதான் இருக்கு. இந்த வட்டத்துல ஏதோ ஒன்னு இல்லாமப் போனாலும் போதும், புழு சுத்த முடியாது."

"அப்ப நத்தையைத் தூக்கிடறேன்." முடிச்சை அவிழ்த்து அந்த அட்டையை எடுத்தாள். "வூட்டு அடுப்புல போட்டுடுவேன்."

"நத்தை சுக்காவா?" என்றான் இளவரசன். வகுப்பே சிரித்தது.

மாலையில் பலகையை ஆய்வகத்தில் வைத்து நான்தான் பூட்டினேன். ஒரே சாவி, அது என் பையில் இருந்தது.

காலையில் திறந்தபோது நத்தை தன் ஊசியில் இருந்தது. அட்டை நனைந்து தண்ணீர் சொட்டியது. கருப்பியின் போட்டோவைக் காணவில்லை. அதைக் குத்திய ஊசி அசையாமல் இருந்தது. நான் போட்ட முடிச்சும் அவிழவில்லை.

தமிழினி மூச்சு வாங்க ஓடி வந்தாள். நான் பலகையை மறைத்து நின்றேன்.

"நத்தையை எரிச்சியா?"

"சாம்பலாவற வரைக்கும் பாத்தேன் டீச்சர். ஆனா கருப்பியைக் காணோம். கயிறு முளைக்குச்சியிலயே இருக்குது. கழுத்துல போட்ட முடிச்சுகூட அவிழல."