வலப்பக்கம் திரும்பிய அம்பு

“எவன்டா அம்பை மாத்தினது?”

கேப்டன் போட்ட சத்தத்தில், கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்த பறவைகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவுக்கு அவள்தான் எல்லாம். பிள்ளைகளை மேய்த்து முடித்த கையோடு இந்தக் கூட்டத்தை மேய்க்க வந்துவிட்டாள் என்று அவள் வீட்டுக்காரரே சொல்வார், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

வாரம் ஒரு புது வழி. முந்தின நாள் சாயங்காலமே தெருத்தெருவாகப் போய், தார் ரோட்டில் சாக்பீஸால் அம்பு போட்டு வைப்பாள். அது காட்டுகிற பக்கம் எல்லாரும் ஓட வேண்டும். அவள் கடைசியாக ஓடி, ஒவ்வொரு அம்பையும் ஷூவால் தேய்த்து அழித்துக்கொண்டே வருவாள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்த வழியானாலும் கடல் கண்ணை விட்டு மறையக்கூடாது.

அந்தச் சட்டத்தில்தான் எவனோ மண்ணை அள்ளிப் போட்டிருந்தான். முச்சந்தியில் கடற்பாதைக்கு என்று அவள் இடப்பக்கம் போட்ட அம்பு, விடிந்தால் வலப்பக்கம் பின்தெருவைக் காட்டியது. மூன்றாவது வாரமாக இதே கூத்து. முன்னால் போனவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட, “திரும்புங்க! திரும்பித் தொலைங்கய்யா!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, தரையில் கிடந்த கள்ள அம்புகளைத் தேய்த்துக்கொண்டு, கேப்டனும் அந்தத் தெரு முழுக்க ஓட வேண்டியிருந்தது.

“சூரியன் கடல்லேருந்து எழும்புறதைப் போட்டோ எடுக்கலாம்னு வந்தேன் கேப்டன்,” என்றார் பல் டாக்டர், மூச்சு வாங்க. “யார் வீட்டு பனியனோ கொடியில காயுது. அதைத்தான் எடுத்திருக்கேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். கேப்டனுக்குக் காது வரை சிவந்தது.

“இன்னொரு வாரம் இப்படி ஆச்சுன்னா நாங்க பாதிப் பேர் வேற குழுவுக்குப் போயிடுவோம். கோவிச்சுக்காதீங்க,” என்றார் டாக்டரே.

“போங்களேன், யாரு கையைப் பிடிச்சு இழுத்தா? ஆனா இதைப் பண்ணது யாருன்னு கண்டுபிடிச்சு, குழுவை விட்டே தூக்கி எறியாம விடமாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்!”

அது எல்லாருக்கும் தெரியும். தம்பி பெண்டாட்டியோடு ஏதோ வாய்ச்சண்டையில், “இனி உங்க வாசப்படியை மிதிச்சா ஏன்னு கேளு” என்று சொல்லிவிட்டு வந்தவள். அதற்கப்புறம் போனும் கிடையாது, போக்குவரத்தும் கிடையாது. அதை ஜெயித்த மெடல் மாதிரி சொல்லிக்கொள்வாள்.

அடுத்த ஞாயிறு, வெளிச்சம் வருவதற்கு முன்பே போய், முச்சந்தியில் நின்ற பால் வேனுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள்.

வந்தது வேற்றுக் குழுக்காரன் இல்லை. மருந்துக்கடைக்காரி! குழுவிலேயே மெதுவாக ஓடுகிறவள். “நீ ஓடுறியா, ஊர்வலம் போறியா? சீக்கிரம்!” என்று வாராவாரம் கேப்டனிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். தண்ணீர் பாட்டிலைச் சரித்து அம்பை அழித்தாள். பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

“நீயா?”

சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது.

“ஓடத்தான் வரலை, ஓடுறவங்களைக் கெடுக்கவாவது வருதே! வெட்கமா இல்ல?”

“மெதுவா பேசுங்க கேப்டன். தெரு தூங்குது.”

“தூங்கினது போதும், எழுந்து வந்து உன் லட்சணத்தைப் பாக்கட்டும்! எதுக்குடி பண்ணே?”

மருந்துக்கடைக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். “பின்தெருவில ஒரு வீட்டுக்கு நான்தான் மருந்து கொண்டு போய்க் கொடுக்கிறேன். அங்க ஒரு பெரியவர், எழுந்து நடக்க முடியாது. போன மாசம் மழையில அம்பு கரைஞ்சு, நாமளே வழி தப்பி இந்தப் பக்கம் வந்தோமே, அன்னிக்கு ஜன்னல் வழியா பாத்திருக்கார். அதுலேருந்து ஞாயித்துக்கிழமைன்னா விடியறதுக்குள்ள தன்னைத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைக்கச் சொல்றார்.”

“அதுக்கு? யாரோ ஒரு கிழவருக்கு வேடிக்கை காட்ட என் குழு கலையணுமா? நாம என்ன சர்க்கஸா? ஏன், அவருக்குன்னு பிள்ளைகுட்டி யாரும் இல்லையா?”

“மகன் வீட்டுலதான் இருக்கார். ஒரு பொண்ணும் இருக்காங்க. வந்து எட்டிக்கூடப் பாக்கிறதில்ல.”

கேப்டனின் கோபம் சட்டென்று அந்தப் பக்கம் பாய்ந்தது.

“நல்ல பொண்ணு! பெத்த அப்பன் ஜன்னல்ல காத்துக் கிடக்கார், மகாராணிக்கு வர முடியலையாமா? அவ மட்டும் என் கையில கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறேன். எந்த வீடு? காட்டு!”

மருந்துக்கடைக்காரி உடைந்த சாக்பீஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“அவர் நம்ம எல்லாரையும் பாக்க உட்காரல கேப்டன். கடைசியா ஒருத்தங்க கத்திக்கிட்டே வருவாங்க இல்ல? அவங்களைப் பாக்கத்தான். கையை அசைச்சுக்கிட்டே இருப்பார். அவங்கதான் தரையைப் பாத்து அம்பை அழிச்சுக்கிட்டே போயிடுவாங்க.”

கேப்டன் பின்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உங்க தம்பி இங்க வீடு மாத்தி வந்து ரெண்டு மாசம் ஆச்சு,” என்ற மருந்துக்கடைக்காரி, இருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து கேப்டனின் கையில் வைத்தாள். “வாசப்படியெல்லாம் மிதிக்க வேணாம். கொஞ்சம் மெதுவா ஓடுங்க, போதும்.”