சீமாட்டிக்கு முழங்கால் வணக்கம்

"காதை விடு நாகஜோதி! முதல்ல காதை விடு!"

சூப்பர்வைசர் ரவிசங்கரின் குரல் விருந்து மண்டபத்தின் பளிங்குச் சுவர்களில் மோதித் திரும்பியது. வரிசையில் நின்ற ஆறு பெண்களில் ஐவர் வணங்கி நிமிர்ந்துவிட்டனர். ஆறாவதாக நின்ற நாகஜோதி மட்டும், வலக்கையால் இடக்காதையும் இடக்கையால் வலக்காதையும் பற்றி, பாதி உட்கார்ந்த நிலையில் விழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"தோப்புக்கரணம் சார்."

"அது எனக்கும் தெரியுது! நான் கேட்டது இதையா?"

"முழங்காலை மடக்கச் சொன்னீங்க. மடக்குனா கை தானா காதுக்குப் போயிருது. சின்னப் புள்ளையிலருந்து பிள்ளையார் முன்னாடி மட்டுந்தான் சார் மடக்கியிருக்கேன்."

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அரச குடும்பத்து உறவினரான ஐரோப்பியச் சீமாட்டி ஒருவர் அந்தத் துபாய் ஹோட்டலுக்கு எழுந்தருளவிருந்தார். அவர் நாட்டு மரபுப்படியே பெண் ஊழியர்கள் அவரை வணங்கி வரவேற்க வேண்டும் என்பது மேலாளரின் ஆணை. ஒரு காலைப் பின்னே வைத்து, உடையின் இரு ஓரங்களையும் விரல் நுனியால் சற்றே உயர்த்தி, முழங்கால்களை மடக்கித் தலை தாழ்த்த வேண்டும்.

"எல்லாரும் என்னைப் பாருங்க" என்று ரவிசங்கர் தம் கால்சட்டையின் இருபுறத்தையும் இரு விரல்களால் பிடித்துத் தூக்கி, நாணத்தோடு முழங்கால் மடக்கிக் காட்டினார். பிலிப்பைன்ஸ் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டனர்.

"சிரிக்காதீங்க! வியாழக்கிழமை ஆறு பேரும் டூட்டியில இருக்கணும். லீவு மாஃபி, யாருக்கும் கிடையாது!"

அன்று மாலை, அல் குசைஸ் பகுதியில் இருவரும் தங்கியிருந்த அறையில் லிஜி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். குளச்சல் கரையிலிருந்து வந்தவள். வரிசையில் முதலாவதாக நிற்பவள்.

"நான் சர்ச்சுல முட்டுப்போட்டுப் பழகினவ, எனக்குச் சுளுவா வந்துட்டு. உங்களுக்கு ஏன்க்கா வரல்ல? மனசெல்லாம் அண்ணன் மேல, இல்லியா?"

நாகஜோதியின் கணவன் வீரபாண்டிக்கு ருவைஸ் பாலைவனத்து முகாமில் வேலை. ஒப்பந்தம் முடிந்து அதே வியாழன் மாலை துபாயிலிருந்து ஊருக்கு விமானம் ஏறுகிறான். நான்கு மணிக்குக் கம்பெனி பஸ் அவனை விமான நிலைய வாயிலில் இறக்கிவிடும். அவளுக்கோ ஊர் திரும்ப இன்னும் பதினான்கு மாதங்கள்.

"இன்னொரு தடவை லீவு கேளுங்கக்கா."

"ரெண்டு தடவை கேட்டாச்சு லிஜி. 'கலாஸ், முடிஞ்சுது, பேசாதே'ன்னுட்டாரு."

"சொல்லாமப் போனா வேலை போவும். போவாம இருந்தா அண்ணனைப் பாக்க முடியாது. இதுல இந்தக் கும்பிடும் வரல்லன்னா என்ன செய்வீங்க? எழும்புங்க!"

லிஜி அவளுடைய இரு கைகளிலும் குளியலறைக் குவளைகளைக் கொடுத்து மடக்கச் சொன்னாள். நாகஜோதி மடக்கினாள். குவளைகள் இரண்டும் குறுக்கே பாய்ந்து காதோரம் ஏறி நின்றன.

"ஏசுவே!" என்றாள் லிஜி.

புதன்கிழமை இறுதி ஒத்திகை. மேலாளரே சீமாட்டியாக நடந்து வந்தார். முதல் ஐவரும் கொடி வளைவதுபோல் வளைந்து நிமிர்ந்தனர். ஆறாமவளை அவர் நெருங்கியதும் நாகஜோதி கண்மூடி, நெற்றியின் இருபுறமும் மும்முறை குட்டிக்கொண்டு, காதுகளைப் பற்றி, முழுமையாக உட்கார்ந்து எழுந்தாள்.

மேலாளர் இரண்டடி பின்வாங்கினார். இந்தப் பெண் தன்னைத்தானே ஏன் அடித்துக்கொள்கிறாள் என்று கேட்டார். ரவிசங்கருக்குக் குளிரூட்டிய மண்டபத்தில் வியர்த்தது. நாகஜோதியைத் தூண் மறைவுக்கு அழைத்துச் சென்றார்.

"நாளைக்கு நீ இந்த ஹோட்டல்லயே இருக்கக் கூடாது. லாண்டரியிலயும் கூடாது, லிஃப்ட் பக்கமும் கூடாது. அந்தம்மா எதிர்ல வந்து நீ தலையில குட்டிக்கிட்டீன்னா என் வேலை போயிரும். ஒரு நாள் லீவு எழுதித் தரேன். யல்லா, போம்மா!"

நாகஜோதி தலைகுனிந்தபடியே வெளியேறினாள். லிஜிக்குக் கண் கலங்கியது.

மறுநாள் மாலை நான்கு மணி. மெட்ரோவுக்காகத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த சாலையைக் கடந்து, கம்பெனி பஸ் விமான நிலைய வாயிலில் நின்றது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு இறங்கிய வீரபாண்டி, எதிரே மனைவியைக் கண்டதும் பெட்டியை நழுவவிட்டான்.

"லீவே கெடைக்காதுன்னு அழுத? எப்படிப் புள்ள வந்த?"

"நான் கும்பிடுற லட்சணத்தைப் பாத்துட்டு, போன்னு அனுப்பிட்டாங்க மாமா."

"அப்படி என்னத்தைக் கும்பிட்ட?"

நாகஜோதி சுற்றுமுற்றும் பார்த்தாள். சேலையின் இரு ஓரங்களையும் விரல் நுனியால் சற்றே உயர்த்தி, இடக்காலைப் பின்னே நகர்த்தி, காற்றுக்குத் தாழும் சுடர்போல முழங்கால் மடக்கித் தலை தாழ்த்தி நிமிர்ந்தாள். கைகள் காதின் பக்கமே போகவில்லை.

வீரபாண்டி வாய்பிளந்து நின்றான்.

"இதுதான் மாமா, ஒரு வாரமா எனக்கு வரவே இல்ல" என்று சிரித்த நாகஜோதி, உடனே கிழக்கு நோக்கித் திரும்பி, இம்முறை மெய்யாகவே காதுகளைப் பற்றிக்கொண்டாள்.

"உன் பேரைச் சொல்லி ஏமாத்திட்டேன் பிள்ளையாரப்பா, மன்னிச்சுக்க!"