ஒரே மூச்சு

"இந்தத் தடவை நானும் வர்றேன். உங்க நடிப்பை நேர்ல பாக்கணும்" என்று சொல்லித்தான் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்தாள். மூச்சு வாங்குது என்று அவர் மில்லுக்கு அடிக்கடி லீவு போடுகிறார். நுரையீரல் டெஸ்ட் எடுத்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் நார்மல்!

அவர் குழாயில் ஊதி முடித்ததும் திரையில் ‘85 சதவீதம், நார்மல்’ என்று வந்தது.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" என்றாள் மனைவி.

மெஷின் முன்னால் இருந்த டெக்னீஷியன் பெண், மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு எதையோ மாற்றித் தட்டினாள். ‘72 சதவீதம், குறைவு’ என்று வந்தது.

இதில் ஏதோ உள்குத்து இருக்கிறதென்று மனைவிக்குப் பட்டது. "அவர் மறுபடி ஊதவே இல்லையே! எப்படிம்மா மாறுச்சு? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"மூச்சு மாறலக்கா. எதோட ஒப்பிடுறோம்கிறதுதான் மாறுச்சு. வெள்ளைக்காரங்களை விட நம்ம இனத்து ஆளுங்களுக்கு நுரையீரல் சின்னதாத்தான் இருக்கும்னு ஒரு பழைய கணக்கு. அதை வச்சுப் பாத்தா, குறைஞ்சிருந்தாலும் நார்மல்னு காட்டிடும். எல்லா ஜனங்களுக்கும் பொதுவான புதுக் கணக்குல பாத்தேன். இவருக்கு நிஜமாவே குறைவு. டாக்டரைப் பாத்துட்டுப் போங்க."

"அப்போ, போன தடவை எடுத்ததெல்லாம்?"

"பழைய கணக்குதான்க்கா."

அவர் எழுந்தார். டாக்டர் அறை மாடியில் இருந்தது. எப்போதும் முன்னால் விறுவிறுவென்று ஏறிப் போகிறவள், முதல் படியிலேயே நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா ஏறுங்க. ஒண்ணும் அவசரமில்ல."