எண்ணெய் குடித்த அச்சு

சபியுல்லா அச்சைக் கவிழ்த்துப் பிடித்தபடி குனிந்து நின்றான். அதற்குக் கீழே அவனுடைய இடது கை, யாரிடமோ கடன் கேட்பதுபோல விரிந்திருந்தது.

கிண்ணம் விழவில்லை.

அச்சின் முதுகில் தட்டினான். விழவில்லை. இன்னொரு தட்டு, கொஞ்சம் மரியாதையாக. அதற்கும் விழவில்லை.

மாங்காய் வடிவக் கிண்ணம். அவன் மனைவி ரிஸ்வானா முதலில் கையாலேயே ஒரு கிண்ணம் வனைந்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றிக் காயவைத்து எடுத்த அச்சு இது. முதல் கிண்ணம் உடைந்து நாளாகிவிட்டது. இருப்பது இந்த அச்சு ஒன்றுதான். தேவகோட்டைக் கல்யாண வீட்டுக்காரர்கள் தாம்பூலப் பைக்குள் போட இந்த மாங்காய்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அச்சு போனால் ஆர்டரும் போச்சு.

வேலை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. களிமண்ணைத் தட்டையாக்கி அச்சுக்குள் வைத்துக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். மண்ணிலிருக்கும் ஈரத்தைப் பிளாஸ்டர் குடிக்கும். மண் சுருங்கி, விளிம்பு விட்டு, தானாகவே கழன்று நிற்கும். கவிழ்த்தால் கைக்குள் வந்து உட்காரும். ரிஸ்வானா இதைப் பக்கத்து வீட்டுக்காரியோடு ஊர் வம்பு பேசிக்கொண்டே செய்வாள்.

சபியுல்லா வாயே திறக்காமல்தான் செய்தான். சறுக்கியது அதற்கு முந்தின கட்டத்தில்.

வருசக்கணக்காகக் கோலாலம்பூரில் பரோட்டா போட்டவன் அவன். கையில் எண்ணெய், கல்லில் எண்ணெய், உருண்டையின்மேல் எண்ணெய். ஒட்டக்கூடாத எதையும் எண்ணெய் இல்லாமல் தொடுவது அவன் தொழிலில் பெருங்குற்றம். ஆகவே காலையில் ரிஸ்வானா சூளைக்கு உமி வாங்கப் புதுவயலுக்குக் கிளம்பியதும், அச்சின் உள்பக்கம் முழுக்க நல்லெண்ணெய் தடவினான். அச்சு முகம் சுளிக்காமல் குடித்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினான். அதையும் குடித்தது.

வயிறு முட்ட எண்ணெய் குடித்த அச்சு, அப்புறம் தண்ணீரைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டது.

"நீங்க ஒண்ணையும் தொட வேணாம் மச்சான். லீவுல வந்திருக்கீக, காலை நீட்டிப் படுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ரிஸ்வானா போயிருந்தாள்.

ஒரு மாச லீவு என்று எல்லாரிடமும் அவன் சொல்லியிருந்தான். அது முடிவதற்குள், தன் கையாலும் இங்கே ஒரு கிண்ணம் உருப்படும் என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டான்.

ஃபேனுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டான். விளிம்பு மட்டும் காய்ந்து, மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியது. உள்ளே மண் பச்சையாகவே இருந்தது. ஈரத்துணி போட்டான். வெடிப்பு நின்றது. காய்வதும் நின்றது.

கடைசியில் உள்ளே போய், பெட்டிக்குள் அடியில் கைலியில் சுற்றி வைத்திருந்த தன் சுரண்டியை எடுத்துவந்தான். பரோட்டாக் கல்லைச் சுரண்டும் தகடு. அவன் பிடித்துப் பிடித்தே பிடி தேய்ந்திருந்தது. கல்லில் கருகிப்போன எதுவும் இதுவரை இதை எதிர்த்து நின்றதில்லை.

விளிம்பில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினான்.

கிண்ணம் அசையவில்லை. அச்சிலிருந்து ஒரு சில்லு மட்டும் பெயர்ந்து காலடியில் விழுந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஓடிப்போய் உமி மூட்டையை இறக்கியிருக்க வேண்டும். ஒரு கையில் அச்சு, மறு கையில் சுரண்டி. எதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றான்.

ரிஸ்வானா உள்ளே வந்தாள். முக்காடெல்லாம் உமி. மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன மச்சான், புளிக்கொழம்பு தாளிச்சாப்புல மணக்குது?"

அவன் அச்சை நீட்டினான். வேறு என்ன செய்ய.

வாங்கி, விரலால் தடவி, மோந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்திருக்கும். அவள் மண்ணைக் கொத்துக் கொத்தாகத் தோண்டி வாளியில் போட்டாள். எண்ணெய்க் கறையோடு அச்சு மட்டும் மிஞ்சியது. இனி அதிலிருந்து எந்த மாங்காயும் கழன்று வராது.

பிறகு அவன் மறு கையைப் பார்த்தாள். சுரண்டியை வாங்கினாள். தேய்ந்த பிடியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மண் அறுக்கும் கம்பியும் மரக்கத்தியும் இருக்கிற தன் அலமாரித் தட்டில், அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்குட்டே இருக்கட்டும்" என்றாள். "லீவுக்கு வாரவுக மைலோ டின்னும் கோடாலித் தைலமும்தான் கொண்டாருவாக. வேலை செய்யிற சுரண்டிய அங்கேயேதான் விட்டுட்டு வருவாக. பொட்டியப் பிரிச்ச அன்னைக்கே இதப் பாத்துட்டேன்."

அவன் எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்தான்.

"மொதல்ல போயி கையக் கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு."